ஜோடிகளின் ஊரில் ஒற்றை ஆள்: பினாங்கில் ஒரு நாளை எங்கே செலவிடுவது?

கிள்ளானில் இருந்து ஒரு தங்கை எழுதியிருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "அக்கா, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுறேன். பினாங்குல ஒரே ஒரு நாள்தான். தனியாத்தான் வர்றேன். எங்க போகலாம்?" யார் கேட்டாலும் அனுப்புவதற்கென்று நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதையே அவளுக்கும் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "இதுல இருக்கிற எல்லா இடமும் ரெண்டு பேரா போற இடமா இருக்கே அக்கா."

பட்டியலை மறுபடி படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் சூரிய அஸ்தமனம், கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சியில் இரவு விளக்குகள், ட்ரைஷா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஊர் சுற்றுவது, கடலோர ஹோட்டலில் மாலைத் தேநீர். தனியாக ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால், பக்கத்தில் காலியாக இருக்கும் நாற்காலிதான் முதலில் கண்ணில் படும்.

இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பலர். கருத்தரங்குக்கு வந்து, ஒரு நாள் மிச்சமாகிப்போன பொறியாளர். கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து முதல் முறையாக வீட்டை விட்டு வெளியே வந்த ஈப்போ அம்மா ஒருவர். கல்யாணம் நின்றுபோய், கட்டின ஹோட்டல் பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் தனியாகவே வந்த ஒரு தம்பி. இவர்கள் எல்லாருக்கும் முதலில் ஒரே பட்டியலைக் கொடுத்தது என் தப்பு. அதனால் இந்த முறை உட்கார்ந்து, நான்கு வழிகளை எடுத்துக்கொண்டு, எது யாருக்குப் பொருந்தும் என்று எழுதுகிறேன். நான்கையும் நான் தனியாகவே போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு முறைக்கு மேல்.

## முதலில், எதையெல்லாம் விட்டுவிட்டேன்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவின் பெயரே லவ் லேன். மலாயில் லோரோங் சிந்தா. கொடிமலைக்கு மேலே காதலர்கள் பூட்டு மாட்டிவிட்டுப் போகிற வேலி இருக்கிறது. 2008இல் ஊர் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் என்ற ஓவியர் பழைய சுவர்களில் குழந்தைகளையும் சைக்கிளையும் வரைந்தார். அதற்கப்புறம் சனி ஞாயிறு காலைகளில் அர்மேனியன் வீதி முழுக்கக் கல்யாண உடுப்பில் ஜோடிகள்தான். பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தனியாக வந்தவர் அங்கே செய்யக்கூடியது, வரிசையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, "ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா" என்று கேட்பது மட்டும்தான். அதற்காக ஒரு காலைப்பொழுதைக் கொடுக்க வேண்டாம்.

தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்காவையும் தயக்கத்தோடு விட்டுவிட்டேன். காடு அருமையான காடு. ஆனால் ஒரு முறை நான் கெராச்சுட் கடற்கரை வரை நடந்து போய், திரும்பி நடக்கத் தெம்பில்லாமல் படகு கேட்டேன். விலை படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகையை நான் ஒருத்தியாகக் கொடுத்தேன். காட்டுப் பாதையில் கால் பிசகினால் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் இருக்கிறது. அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் துணையோடு இன்னொரு நாள் வாருங்கள்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

தனியாக வருவதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பிடித்த இடத்தில் பிடித்த நேரம் வரை நிற்கலாம். "போகலாமா, போகலாமா" என்று கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. எனவே நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்த இடம் நின்று பார்க்க விடுகிறதா, வரிசையில் தள்ளிக்கொண்டே போகிறதா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது, ஒரு ஆளுக்கு ஆகும் உண்மையான செலவு. படகு, கிராப் வாடகைக் கார், ட்ரைஷா, ஹோட்டல் அறை என்று பாதி விஷயங்களுக்குத் தலைக்கு விலை கிடையாது. இரண்டு பேருக்கு மலிவாகத் தெரிவது ஒருவருக்கு இரட்டை விலை.

மூன்றாவது சாப்பாடு. தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டே பலர் ரொட்டியும் தண்ணீருமாக நாளை ஓட்டுகிறார்கள். பினாங்குக்கு வந்துவிட்டு அப்படிப் போவது பெரிய அநியாயம்.

நான்காவது, பயமில்லாமல் திரும்பி வர வழி இருக்கிறதா, அதுவும் பெண்கள் என்றால். ஐந்தாவது வெயிலும் மழையும்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இதை எந்த வழிகாட்டியிலும் போடமாட்டார்கள், நம் ஆட்களுக்கு மட்டும் தெரியும்: உங்களை எத்தனை பேர் கேள்வி கேட்பார்கள்? "தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரர் வரலையா?" சிலருக்கு இந்தக் கேள்வி ஒன்றுமே இல்லை. சிலருக்கு, அந்த ஈப்போ அம்மாவைப் போன்றவர்களுக்கு, நாள் முழுக்கக் கெட்டுப்போக இது ஒன்று போதும்.

## முதல் வழி: விடியற்காலை ஃபெரியும் ஜெட்டிகளும்

கோலாலம்பூரில் இருந்து இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வந்து இறங்குகிறவர்களுக்கு இது தானாகவே அமைகிற வழி. பஸ் நிலையம், ரயில் நிலையம், ஃபெரித் துறை மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில். முதல் ஃபெரிகளில் ஒன்றைப் பிடித்தால், கடலைத் தாண்டும் அந்தக் கால் மணி நேரத்தில் வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். தெற்கே திரும்பிப் பார்த்தால் 1985இல் திறந்த முதல் பாலம் ஒரு கோடு மாதிரித் தெரியும். பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் 2020 கடைசியோடு நின்றுவிட்டன. அந்தத் திறந்த தட்டில் முகத்தில் அடித்த காற்றை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கம்தான். ஆனாலும் ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். தாத்தா கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். அழைத்துப்போக வர வேண்டிய ஆள் இரண்டு நாள் தாமதம். ஒரு தகரப் பெட்டி, ஒரு சொம்பு, தெரியாத ஊர். "பயமா இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டால், "பசியா இருந்துச்சு" என்பார். தனியாகப் பினாங்குக்கு வருகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதில்தான் ஞாபகம் வரும்.

ஃபெரியை விட்டு இறங்கி, கடலோரமாக வெல்ட் கீ சாலையில் சில நிமிடம் நடந்தால் குலத்து ஜெட்டிகள், அதாவது கடலுக்குள் நீளும் மரத் துறைகள், வரும். லிம், சியூ, டான், லீ, யோ என்று ஒவ்வொரு சீனக் குடும்பப் பெயருக்கும் ஒரு ஜெட்டி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு தூக்கிப் பிழைத்தவர்கள், கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய மர வீடுகள். இன்றைக்கும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பெரும்பாலோர் சியூ ஜெட்டிக்குப் போவார்கள். அங்கே கடைகள் அதிகம், கூட்டமும் அதிகம். நீங்கள் டான் ஜெட்டிக்குப் போங்கள். வீடுகள் முடிந்த பிறகும் பலகைப் பாதை கடலுக்குள் நீண்டுகொண்டே போகும். கிழக்கு பார்த்த கரை என்பதால் சூரியன் பட்டர்வொர்த் பக்கம் எழுவதை நுனியில் நின்று பார்க்கலாம், ஏறக்குறைய ஏழேகால், ஏழரைக்கு. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாலும் யாரும் உங்களை நகரச் சொல்ல மாட்டார்கள். மீன்பிடிப் படகு வரும், போகும். ஒரு தாத்தா சாமிக்கு ஊதுபத்தி வைப்பார். அவ்வளவுதான் காட்சி. தனி ஆளுக்கு அது போதும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? பணத்தில் ஒன்றும் இல்லை, ஃபெரிக் கட்டணம் சில்லறைதான். செலவு தூக்கத்தில். இரவு பஸ்ஸில் சரியாகத் தூங்காமல் வந்து விடியற்காலையில் நடந்தால், பத்து மணிக்குமேல் கண் சொக்கும். ஹோட்டலில் அறை கொடுப்பது மத்தியானத்துக்கு மேல்தான். பையை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள். அப்புறம், மழை பெய்தால் பலகை வழுக்கும். ஒதுங்க இடமும் குறைவு. வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீட்டுக் கூடம்.

## இரண்டாவது வழி: பழைய கல்லறைத் தோட்டம்

கல்லறைக்குப் போகச் சொன்னால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். போய்விட்டு வந்து குளித்தால் போயிற்று. ஜாலான் சுல்தான் அகமது ஷாவில், பழைய பெயரில் நார்த்தம் ரோட்டில், இருக்கும் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம்தான் இந்த ஊரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. கெம்போஜா மரங்கள் வளைந்து வளைந்து நிற்கும், பூ கல்லின் மேல் உதிர்ந்து கிடக்கும். போக்குவரத்துச் சத்தம் மதிலுக்கு வெளியே நின்றுவிடும்.

1786இல் இந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் இங்கேதான் கிடக்கிறார். எட்டே வருடத்தில், 1794இல், மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய உருவப்படம் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்தார்கள் என்று சொல்வார்கள். அந்த மகன்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு வரைபடம் போட்டவர்.

லைட்டின் கல்லைவிட என்னை நிறுத்திவைப்பது தோமஸ் லியோனோவென்ஸின் கல். 1859இல் பினாங்கில் இறந்தவர். அவருடைய மனைவி ஆனா, முப்பது வயதுகூட ஆகாத நிலையில் இரண்டு குழந்தைகளோடு தனித்து நின்றார். சிங்கப்பூர் போய்ப் பள்ளி நடத்தினார். 1862இல் சயாம் அரண்மனையில் அரசரின் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். உலகத்துக்கு அவருடைய அரண்மனை வாழ்க்கை தெரியும். அது தொடங்கிய இடம் இந்த ஒரு கல். ஈப்போ அம்மாவை நான் இந்தத் தோட்டத்தின் வாசலில் விட்டுவிட்டு, இந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போன் செய்தார். "நல்ல இடம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கற்களில் வயதைப் படித்துக்கொண்டே வாருங்கள். இருபது, இருபத்தைந்து என்று இளவயதில் போனவர்கள் எத்தனையோ பேர். அதே காலத்தில் இந்தியாவில் இருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். சாலை போட்டவர்கள் அவர்கள். 1818இல் கட்டிமுடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். அவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் ஒரு கல்லும் இல்லை. அதனால் நான் எப்போதும் இங்கிருந்து ஃபர்குவார் வீதி வழியாகத் தேவாலயம் வரை நடந்து, அந்த வெள்ளைத் தூண்களையும் பார்த்துவிட்டுத்தான் நாளை முடிப்பேன். கல்லறையை மட்டும் பார்த்தால் பாதிக் கதை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கொசு கடிக்கும், அதுவும் மழைக்கு மறுநாள். டெங்கி இருக்கும் ஊர், மருந்து தடவாமல் போகாதீர்கள். உள்ளே கழிவறை, கடை எதுவும் கிடையாது. அந்தி சாயும் முன் வெளியே வந்துவிடுங்கள். பேயை நினைத்துச் சொல்லவில்லை, ஆள் நடமாட்டம் குறைந்துவிடும் என்பதால் சொல்கிறேன். அண்மையில் துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் தாங்கள் தாங்குவோமா என்று யோசித்துக்கொண்டு போக வேண்டும். சிலருக்கு ஆறுதல் தரும், சிலருக்குப் புண்ணைக் கிளறும். ஒரு முழு நாளுக்கு இது போதாது, அரை நாள்தான்.

## மூன்றாவது வழி: தண்ணீர்மலையில் தொடங்கி கொடிமலை வரை நடை

உடம்பு அசதியானால்தான் மனசு அமைதியாகும் என்கிற ரகம் சிலர். கல்யாணம் நின்றுபோன தம்பிக்கு நான் சொன்னது இந்த வழி.

காலை ஏழு மணிக்குள் தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. இப்போது மேலே நிற்கும் பெரிய கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. தைப்பூசத்தில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. சாதாரண நாளில் படியில் உங்களுக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் மூன்று பேர், அவ்வளவுதான். கீழே அதே சாலையில் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும் இருக்கிறது. 1894இல் வந்த வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதிக் கோவில்வீட்டில் இருந்து இங்கேதான் வந்து சேரும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தாவரவியல் பூங்கா, 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது. கட்டணம் இல்லை. நாகலிங்க மரங்கள் தண்டிலேயே பூத்து நிற்பதைப் பார்க்கலாம். கையில் சாப்பாட்டுப் பை வைத்திருக்காதீர்கள், குரங்கு விடாது.

பூங்கா வாசலருகே இருந்தே கொடிமலைக்கு ஜீப் பாதை ஏறுகிறது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், தார் போட்ட பாதை. ஆனால் உச்சி 800 மீட்டருக்கு மேல், ஏற்றம் சுளுக்கெடுக்கும். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். விடுமுறை நாள் காலையில் ஊர்க்காரர்கள், வயதான சீனத் தம்பதிகள் உட்பட, நிறையப் பேர் ஏறுவார்கள். அதனால் பெண்கள் தனியாக ஏறினாலும் தனியாக இருக்கிற உணர்வு வராது. பிற்பகலில் ஏறத் தொடங்காதீர்கள். மேலே போனதும் அருளொளித் திருமுருகன் கோயில். ஒரே நாளில் இரண்டு மலையில் இரண்டு முருகன். பூட்டு மாட்டும் வேலியைத் தாண்டிப் போய் இந்தக் கோயில் திண்ணையில் உட்கார்ந்தால், குளிர்ந்த காற்று வியர்வையை ஆற்றும்.

இறங்குவதற்கு மட்டும் ரயில் எடுங்கள், 1923இல் ஓடத் தொடங்கிய பாதை அது. ஒரு வழிப் பயணச்சீட்டு மேலேயே கிடைக்கும். மலேசியர்களுக்கு விலை குறைவு, மைகார்டை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். கீழே 204ஆம் எண் பஸ் ஊருக்குள் கொண்டுவந்து விடும்.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு முழங்கால். மறுநாள் படி இறங்க முடியாது, திங்கட்கிழமை வகுப்பில் நின்று பாடம் நடத்த வேண்டியவர்கள் யோசியுங்கள். பள்ளி விடுமுறையில் கீழிறங்கும் ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நிற்க நேரும். தண்ணீர் ஒன்றரை லிட்டராவது, மாற்றுச் சட்டை ஒன்று. மழை பிடித்தால் பாதி வழியில் திரும்பிவிடுங்கள்.

## நான்காவது வழி: பினாங்கு வீதியும் சௌராஸ்தாவும்

நடக்க முடியாது, மழைக்காலம், பேச ஆள் வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான்.

குயின் ஸ்ட்ரீட்டில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். இரண்டு தெரு தள்ளி, 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதிர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா வீதி முனையில் நாகூர் தர்கா, நம் நாகூர் ஆண்டவரின் நினைவாக. இந்த மூன்றையும் சுற்றி வர ஒரு மணி நேரம் போதும். இடையில் பூக்கடை, நகைக்கடை, முழுச் சத்தத்தில் பாட்டு ஓடும் துணிக்கடை. மழை வந்தால் கவலை இல்லை, அஞ்சடியிலேயே, கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையிலேயே, பாதி ஊரைச் சுற்றலாம்.

மத்தியானத்துக்கு மேல் சௌராஸ்தா மார்க்கெட். கீழே ஜாதிக்காய் ஊறுகாய். அதை எல்லாரும் வாங்குவார்கள். நீங்கள் மாடிக்குப் போங்கள். பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஆங்கிலமும் மலாயும்தான் அதிகம். குவியலைக் கிளறினால் எனக்குத் தமிழும் கிடைத்திருக்கிறது. யாரோ ஒரு ஆசிரியர் 1960களில் அட்டை போட்டு வைத்திருந்த இலக்கணப் புத்தகத்தை அங்கேதான் வாங்கினேன். கூட வருபவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கடைகளில் ஒன்றும் அகப்படாது. தனியாக வந்தவருக்கே உரிய இடம்.

சாப்பாட்டில் இந்த வழியை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. நாசி கண்டார் ஒரு ஆள் சாப்பாடு. துறைமுகக் கூலிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலச் சுமந்து விற்ற சோறு அது. கூட்டமாக உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுகிற வழக்கம் அதில் கிடையாது. கேம்பல் வீதியில் ஹமீதியா 1907இல் இருந்து நடக்கிறது. தட்டை நீட்டி, "குவா பஞ்சிர்" என்று சொல்லிவிட்டு, எல்லா ஆணத்தையும் (குழம்பையும்) கலந்து ஊற்ற விடுங்கள். மேசையில் முன்பின் தெரியாதவர்கள் எதிரே வந்து உட்காருவார்கள். அது அங்கே வழக்கம், எழுந்து போய்விடாதீர்கள்.

இந்த வழியின் விலை என்னவென்றால், கேள்விகள்தான். பூ கட்டும் அம்மா கேட்பார், புடவைக் கடை அண்ணன் கேட்பார். "எந்த ஊரும்மா? கூட யாரும் வரலையா? கல்யாணம் ஆயிடுச்சா?" அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் ஆறு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எல்லாருக்கும் தெம்பு இருக்காது. பேச்சுத் தேவைப்படுகிறவர்களுக்கு, நாலு நாளாக யாரிடமும் வாய் திறக்காதவர்களுக்கு, இதே கேள்விகள் மருந்து. எந்த நிலையில் வருகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

## ஒரே பார்வையில்

| | ஃபெரி, ஜெட்டி | கல்லறைத் தோட்டம் | தண்ணீர்மலை, கொடிமலை | பினாங்கு வீதி, சௌராஸ்தா |
|---|---|---|---|---|
| நின்று பார்க்க | மிக நன்று | மிக நன்று | நன்று | கூட்டத்தைப் பொறுத்தது |
| பணச் செலவு | மிகக் குறைவு | இல்லை | ரயில், பஸ் | சாப்பாடும் புத்தகமும் |
| மறைந்த செலவு | தூக்கம் | கொசு, மனபாரம் | முழங்கால், ரயில் வரிசை | கேள்விகள் |
| தனியாகச் சாப்பிட | பக்கத்துக் கோப்பிக் கடைகள் | வெளியே வர வேண்டும் | பூங்கா அருகிலும் உச்சியிலும் | இதற்கு நிகரில்லை |
| மழை நாளில் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டவே வேண்டாம் | தாராளமாக |
| நல்ல நேரம் | விடியல் முதல் ஒன்பது வரை | காலை, அல்லது நாலு மணி | ஏழு மணிக்குத் தொடக்கம் | பத்துக்கு மேல் |
| எவ்வளவு நேரம் | அரை நாளுக்குக் குறைவு | அரை நாள் | முழு நாள் | முழு நாளும் ஓட்டலாம் |

## அப்படியானால் எது?

இரவு பஸ்ஸில் பட்டர்வொர்த் வருகிறவர்களுக்கு முதல் வழியும் நான்காவதும் சேர்ந்தால் ஒரு நாள் சரியாக நிறையும். காலையில் கடல், மத்தியானம் நிழல். என்னை ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இந்தச் சேர்க்கையைத்தான் சொல்வேன்.

மலையேற்றத்தோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். அதுவே ஒரு நாள். நாற்பது வயதைத் தாண்டி, வழக்கமாக நடக்காதவர்கள் 513 படியும் பூங்காவும் போதும் என்று நிறுத்திக்கொண்டால் எந்தக் குறையும் இல்லை.

அமைதி வேண்டும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றால் கல்லறைத் தோட்டமும் தேவாலயமும், அதற்கு முன் ஜெட்டி. இவற்றில் உங்களிடம் யாரும் வலிய வந்து பேசமாட்டார்கள்.

மேலே சொன்னவற்றில் மூன்றை ஒரே நாளில் போட்டுத் திணிப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அப்புறம் நின்று பார்க்கிற லாபமே போய்விடும்.

## எந்த வழியானாலும் கையோடு வருகிற செலவுகள்

அறைக்கு முழு வாடகையும் உங்கள் தலையில்தான். ஊராட்சிக் கட்டணம் அறைக்குக் கணக்கு. வெளிநாட்டில் இருந்து வருகிற உறவினர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரியும் உண்டு. லவ் லேன் பக்கம் தங்கும் விடுதிகளில் படுக்கைக்கு மட்டும் காசு கொடுத்துத் தங்கலாம், மலிவு. ஆனால் அந்தத் தெருவில் இரவு வெகுநேரம் பாட்டும் கூத்தும் ஓடும். விடியற்காலை ஜெட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் நாலு தெரு தள்ளித் தங்குங்கள்.

ஊருக்குள் கிராப் எடுக்காமலே சமாளிக்கலாம். ஜெட்டியில் இருந்து கொம்தார் கோபுரம் வரை இலவசமாக ஓடும் கேட் பஸ் இருக்கிறது. ட்ரைஷாவுக்கு ஒருவர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் ஒரே பேரம். சில கோப்பிக் கடைகளில் தண்ணி எதுவும் வாங்காமல் உட்கார்ந்தால் தனியாகக் காசு கேட்பார்கள். ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) சொல்லிவிடுங்கள். பையைச் சாலைப் பக்கம் மாட்டாமல் சுவர்ப் பக்கம் மாட்டி நடங்கள். மோட்டார்சைக்கிளில் பறித்துக்கொண்டு போகிறவர்கள் தனியாக நடப்பவரைத்தான் பார்ப்பார்கள்.

கிள்ளான் தங்கைக்கு இதையெல்லாம் சுருக்கி அனுப்பினேன். முதலும் நான்காவதும் என்று முடிவு செய்தாள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு படம் வந்தது: ஆணம் வழியும் ஒரு தட்டு, பக்கத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம், மேசைக்கு எதிர்ப்பக்கம் யாரோ ஒரு தாத்தாவின் கை. கீழே எழுதியிருந்தாள்: "இவரு எனக்கு ஒரு மணி நேரமா நாகூர் கதை சொல்லிட்டு இருக்காரு அக்கா. மூணு மணி பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ் பிடிக்கப் போறேன்."